என் வேனைத் தட்டியவர்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் தெரு என் வேனைவிட ஒரு முழம்தான் அகலம். எதிர்வீட்டுக்காரர் வாசலை விட்டால் அதை நிறுத்த வேறு இடமில்லை. தினமும் காலையில் குரங்குக் குல்லாவும் அரைக்கால் சட்டையுமாக வெளியே வருவார்.

"ஊட்டு முன்னால இன்னொரு ஊட்டையே கட்டி வெச்சிக்கிறியே, இன்னாபா நியாயம் இது?"

சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜுக்கு மணியடித்துச் சிக்னல் கொடுத்தவர் அவர். அதனால் திட்டி முடித்ததும் வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். தடியால் இரண்டு தட்டினால் நான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும், ஒன்று தட்டினால் நிற்க வேண்டும். பெயின்ட் போனது என் வண்டிக்கு.

ஒருநாள் போலீசில் புகாரே கொடுத்துவிட்டார். வந்த கான்ஸ்டபிள் வேனை எடுக்கச் சொல்லி, பின்னால் நின்று "பர்லி, பர்லி" என்று கன்னடத்தில் வரச்சொல்லிக் கையாட்டினார். வண்டி அரை அடி நகர்ந்திருக்கும். 'டக்' என்று ஒரு தட்டு. என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

"கம்ப்ளெயின்ட் குடுத்ததே நீங்கதானே? ஏன் நிறுத்துறீங்க?" என்று கத்தினார் கான்ஸ்டபிள்.

"கம்ப்ளெயின்ட் வேற, சிக்னல் வேற சார். ரெண்டு ஆள் சிக்னல் குடுத்தா கேஜ் நவுறக் கூடாது. நீங்க தள்ளிப் போங்க."

கான்ஸ்டபிள் தள்ளி அல்ல, ஒரேயடியாகவே போய்விட்டார். வேன் வாசலை அடைத்தபடி அங்கேயே நின்றது.

எதிர்வீட்டுக்காரர் என்னை விரட்டப் பார்த்தாரா, வேலைக்கு வைத்துக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மறுநாள் அவர் சட்டைப்பையில் புது மனு எட்டிப் பார்த்தது.

"இன்னிக்கும் ஸ்டேஷனுக்கா?"

"ஆமா. ராபர்ட்சன்பேட்டையில எறக்கி உடு" என்றவர், பின்னால் போய் இரண்டு தட்டினார்.