கடையில் கட்டியதென்ற கொப்பி

என் புருஷன் கூத்துப் பாட்டு எழுதுவார். எனக்கு என் பெயரை மட்டும் எழுதத் தெரியும். காட்டுக்கு நடுவிலிருந்த வட்டக்கச்சிக்குக் குடிவந்த புதிதில், அவர் பாட்டெழுதிய ஒற்றைத் தாள்கள் வீடெல்லாம் பறந்தன. நான்தான் அவற்றை அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு, சாக்கு நூலுக்குத் தேன்மெழுகு பூசித் தைத்தேன். பூச்சி அரிக்காதபடி வேப்பிலைச் சாற்றில் மாப்பசை காய்ச்சி, சீமெந்துப் பைத் தாளை மேல்மட்டையாக ஒட்டிக் கொப்பியாக்கினேன். எந்தக் கடைக்காரனும் அப்படிக் கட்டியிருக்க மாட்டான்.

கூத்துப் பழகத் தொடங்கிய நாளில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் வீட்டுக்கு வந்து கொப்பியை இழுத்துப் பார்த்தார்.

"அசையுதில்லையே! ஆரப்பா கட்டினது? அந்தக் கைக்கும் ஒரு வெற்றிலை வைச்சு மரியாதை செய்யவேணும்."

தேநீரோடு நின்ற நான் என் புருஷனைப் பார்த்தேன்.

"யாழ்ப்பாணத்திலை ஒரு கடையிலை கட்டுவிச்சனான்," என்றார் அவர்.

"அதுதானே பாத்தன்! இந்தக் காட்டுக்குள்ளை ஆர் இப்பிடிக் கட்டிறது?" அண்ணாவியார் சிரித்தார். பிறகு என்னிடம், "தங்கச்சி, தேத்தண்ணிக்குச் சீனி காணாது," என்றார்.

சீனி எடுத்துவந்து போட்டேன். அவர் போனபிறகு என் புருஷனிடம் ஏன் என்று கேட்டேன்.

"பொம்பிளை தைச்சதெண்டால் ஆர் மதிப்பாங்கள்?"

என் புருஷன் போய்ச் சேர்ந்து கன காலம். நல்ல மனிதர் என்று ஊரில் சொல்கிறார்கள். நல்ல மனிதர்தான். என் கைவேலையை என்னுடையது என்று சொல்லும் வாய் மட்டும் அவருக்கு இருக்கவில்லை.