ஃபிக்ரி அனுப்பிய விருந்தாளிகள்

ஃபிக்ரி மாதிரி ஒரு மனிதர் அஸ்வான் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். எங்கள் அலுவலகத்தின் கம்ப்யூட்டர், போன், கெய்ரோவுக்குப் போகும் லைன் எல்லாம் அவர் பொறுப்பு. யார் போய் நின்றாலும் முதலில் சிவக்கச் சிவக்கக் கர்கதே என்கிற செம்பருத்தி டீ ஊற்றிக் கொடுப்பார். அப்புறம்தான் என்ன பிரச்சினை என்று கேட்பார். கோபப்படவே தெரியாது. அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுச் சாமான் விற்கும் கம்பெனி ஒன்றுக்குப் போன் எடுப்பது எங்கள் வேலை. ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் சுற்றவில்லை என்று வரும் அழைப்புகள் கெய்ரோ தலைமை அலுவலகம் வழியாக எங்கள் அறைக்கு வரும். அந்தக் கோடையில் பேச்சு அறுந்து அறுந்து வந்தது. புகார் பாதிதான் கேட்கும். திட்டு மட்டும் எப்படியோ முழுசாக வந்துவிடும்.

கெய்ரோ மேலாளர் உஸ்தாத் வக்தி நம்பவே மாட்டேன் என்றார். கைபேசியில் கூப்பிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"லைன்ல ஒரு கோளாறும் இல்லம்மா நப்ரா. உங்க ஃபிக்ரி வச்ச அளவே சொல்லுதே! நீங்கதான் வேணும்னே கட் பண்றீங்க."

மாதக் கடைசியில் எங்கள் அறையை மூடிவிட்டு வேலையைக் கெய்ரோவுக்கே எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். எங்களில் பல பேர் வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. என் வீட்டிலும்தான்.

ஃபிக்ரி வைத்த அளவு இதுதான்: சின்னச் சின்னத் தகவல் பாக்கெட்டுகளை ஓயாமல் கெய்ரோவுக்கு அனுப்பி, எவ்வளவு திரும்பி வரவில்லை, வந்தவை எவ்வளவு தாமதமாக வந்தன என்று எங்கள் திரையிலும் வக்தியின் திரையிலும் கோடு போட்டுக் காட்டும். கோடு எப்போதும் பச்சை. இழப்பு பூஜ்யம். வக்தி மற்ற கிளைகளுக்கெல்லாம் இதை உதாரணம் காட்டி மெச்சியிருந்தார். பாவம், ஃபிக்ரிக்கு அதில் அப்படியொரு பெருமை.

நேரே அவர் மேசைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"ஃபிக்ரி அண்ணே, உங்க பச்சைக் கோட்டைக் கொண்டுபோய் நைல்ல போடுங்க! எங்க பேச்சு துண்டு துண்டா விழுது. உங்க பாக்கெட் மட்டும் எப்படி அலுங்காம குலுங்காம போய்ட்டு வருது? அது என்ன மந்திரி காரா?"

"கோவப்படாத. முதல்ல இதைக் குடி..." என்று கோப்பையை நீட்டியவர், நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். "யா சலாம்! மந்திரி கார்தான் நப்ரா."

"என்னது?"

"நம்ம வீட்டுலேர்ந்து போற விருந்தாளி, அதைப் போய் வரிசையில நிக்க வைக்கிறதான்னு, முதல் மரியாதை போட்டு அனுப்பிட்டேன். எவ்வளவு நெரிசல்லயும் அதுக்கு வழி விட்டுடும். உங்க பேச்செல்லாம் ஃபைலுங்களோட பொது வழியில இடிபட்டுக்கிட்டுப் போகுது."

"அட ஆண்டவனே! உங்க உபசாரத்தை மிஷின்கிட்டயுமா காட்டுவீங்க?"

அவர் சிரிக்கவில்லை. இத்தனை நாள் காட்டிய பச்சை பொய் என்று வக்தியிடம் சொன்னால் ஃபிக்ரியின் வேலையே போய்விடலாம். அது எனக்கும் தெரியும்.

மறுநாள் காலை, அழைப்புகள் குவிகிற நேரமாகப் பார்த்து, ஃபிக்ரி ஆபீஸ் போனிலேயே வக்தியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரைப் போட்டார்.

"உஸ்தாத், நான் அளந்தது தப்பு. என் பாக்கெட்டை இப்ப இவங்க பேச்சு போற வழியிலயே விடுறேன். நீங்க திரையைப் பாருங்க."

கொஞ்ச நேரம் பச்சையாகவே இருந்தது. பிறகு கோடு எகிறியது, சிவந்தது. நூற்றுக்கு ஒன்பது பாக்கெட் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது.

"இது... ன்ன... ஃபிக்... எப்ப..." ஸ்பீக்கரில் வக்தியின் குரலும் துண்டு துண்டாக வந்தது.

"உஸ்தாத், நீங்க வேணும்னே கட் பண்றீங்களா?" என்றேன். வாய் சும்மா இருக்குமா?

வக்தி போனை வைத்துவிட்டார். உடனே ஃபிக்ரியின் கைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அறையை மூடலையாம். முதல் மரியாதையை உங்க பேச்சுக்குப் போடச் சொல்றாரு. என்னை அப்புறமா வச்சுத் திட்டுறாராம்."

யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. அறை முழுக்கக் குலவை எழுந்தது. கைபேசிக்குள்ளிருந்து, "அங்க என்னய்யா கல்யாணமா?" என்று வக்தி கத்தினார்.

"இல்ல உஸ்தாத்," என்றார் ஃபிக்ரி. "எங்க லைன் மோசம்னு தெரிஞ்சுபோச்சு."