கமராவுக்கு வைத்த பொட்டு

எங்கள் காரின் திரையில் 'சம்மதம்' என்ற இடத்தைத் தொட்டது யார்? இன்றுவரை எனக்குத் தெரியாது. "நீர்தான் தொட்டனீர்" என்கிறார் கணவர். "நீங்கள்தான்" என்கிறேன் நான். மூன்று வயது மகள், தான் தொட்டதாகச் சொல்கிறாள். ஆனால் அவளிடம் எதைக் கேட்டாலும் அதைத் தான்தான் செய்ததாகச் சொல்லுவாள்.

அது ஒரு சனிக்கிழமை காலை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத் தரிப்பிடத்தில், மின்சாரக் காருக்குள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். புதிய அப்டேட் வந்திருக்கிறது என்று கார் அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. ராகுகாலம் முடிந்த பிறகு போட்டால் போதும் என்று மாமி மேலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். மாமி கணவரின் அம்மா. எங்களோடுதான் இருக்கிறார். காத்திருந்தோம். பிறகு கணவர் திரையில் வந்த நீண்ட ஆங்கிலப் பத்திகளை விரலால் மேலே தள்ளிக்கொண்டே, "போடவா?" என்று கேட்டார். அதே நேரம் என் மடியில் இருந்தவள் தண்ணீர் கேட்டாள். நான் "ம்" என்றேன். அந்த "ம்" யாருக்குச் சொன்னது என்பதும் எனக்கு இப்போது நிச்சயமில்லை.

அதுவரை வந்த அப்டேட்கள் எனக்குப் பிடித்திருந்தன. வெயிலில் நிற்கும் காரை வீட்டில் இருந்தபடியே குளிராக்கி வைக்கும் வசதி ஒன்றில் வந்தது. மழை விழுந்ததும் வைப்பர் தானாக ஆடத் தொடங்கியது இன்னொன்றில். அப்பாவின் பழைய காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் கராஜுக்கு ஓடுவோம். இந்தக் காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் அது ஒரு வசதி. நிற்கிற இடத்திலேயே நின்று திருந்துகிற பொருள் எங்கள் வீட்டில் வேறு எதுவும் இல்லை.

இந்த அப்டேட் இரண்டு விடயங்களைக் கொண்டுவந்தது. பின்சீட்டில் பிள்ளை இருக்க நாம் இறங்கிக் கதவைப் பூட்டினால் கார் கத்தும், கைத்தொலைபேசிக்கும் அழைப்பு வரும். இதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையை எங்காவது மறந்து விட்டுவிடுவேனோ என்ற பயம் அவள் பிறந்த நாளிலிருந்து என்னோடு இருக்கிறது. அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. இருந்தாலும் பயம் போவதில்லை.

இரண்டாவது விடயம், ஓட்டுநரின் கவனம். கண்ணாடிக்கு மேலே ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி இருந்தது. கார் வாங்கிய நாளிலிருந்து அது சும்மாதான் கிடந்தது. அது ஒரு கமராவாம். அப்டேட் அதைத் தட்டி எழுப்பிவிட்டது. பின்சீட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்ப்பதும் அதுதான், என் கண்கள் எங்கே போகின்றன என்று பார்ப்பதும் அதுதான். நாள் முடிவில் என் கவனத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போட்டு, உரிமையாளரின் கைத்தொலைபேசிக்கு அனுப்பிவிடும். உரிமையாளர் என்று பதிவாகியிருப்பது கணவர்.

அவர் ரயிலில் கோட்டைக்கு வேலைக்குப் போகிறவர். வார நாட்களில் கார் என்னிடம்தான். காலையில் மகளைப் பம்பலப்பிட்டி மொண்டிசோரிக்குக் கொண்டுபோவேன். பிறகு அவளை ஏற்றிக்கொண்டு சில நாட்களில் கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அம்மாவிடம் போய் வருவேன்.

திங்கட்கிழமை பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டே அவர், "இண்டைக்கு அறுபத்தொண்டு" என்றார்.

"என்ன அறுபத்தொண்டு?"

"உம்முடைய கவனம். பம்பலப்பிட்டியில திரும்பத் திரும்ப ரோட்டில இருந்து கண்ணை எடுத்திருக்கிறீர் எண்டு கிடக்கு."

"பிள்ளை சத்தி எடுத்தவள். உடுப்பெல்லாம் வாந்தி."

அவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அது இதில இல்லை" என்றார்.

மாமி குசினியில் இருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, உனக்கு மார்க்ஸ் போடத்தான் விருப்பமெண்டால் வாத்தியாராப் போயிருக்கலாமே."

"அம்மா, நான் போடேல்லை. கார் போடுது."

"அப்ப காரையே கலியாணம் கட்டியிருக்கலாம்."

நான் சிரித்தேன். ஆனால் அறுபத்தொன்று எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் பள்ளிக்கூடக் காலம் முழுக்கப் புள்ளிக்காகப் படித்தவள். குறைந்த புள்ளியோடு வீட்டுக்கு வரத் தெரியாதவள். அடுத்த நாளிலிருந்து தலையை நேரே வைத்து ஓட்டினேன். இடது பக்கத்தால் நுழையும் ஓட்டோவைக் கடைக்கண்ணால் மட்டும் பார்த்தேன். மகள் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டபோது திரும்பவில்லை. "வாறன் குஞ்சு, இப்ப வந்திடுவம்" என்று முன்கண்ணாடியைப் பார்த்துப் பதில் சொன்னேன். கொஞ்சம் தலை திரும்பினாலும் கார் ஆங்கிலத்தில் மென்மையாகக் கண்டிக்கும். மகள் அதைப் பாடமாக்கிவிட்டாள். "ப்ளீஸ் பே அட்டென்ஷன், அம்மா" என்று பின்னால் இருந்து அதே குரலில் சொல்லுவாள்.

ஒருநாள் வழியில் அவளும் பேசாமல் இருந்தாள். நல்ல பிள்ளை என்று நினைத்தேன். மொண்டிசோரி வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்தபோது அவள் கன்னம் உப்பியிருந்தது. விரலை விட்டு எடுத்தேன். சீட்டின் ஓரத்தில் கிடந்த போத்தலின் பிளாஸ்டிக் மூடி. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள், "மிட்டாய் இல்லை" என்று ஏமாற்றத்தோடு சொன்னாள்.

அன்றைக்கு எனக்கு எண்பத்தெட்டு.

"பாத்தீரா, ஏலும்தானே" என்றார் கணவர். சந்தோஷமாகத்தான் சொன்னார். அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைக்கக்கூடாது. எங்கள் இருவரையும் நினைத்துப் பயப்படுகிறவர் அவர். பயத்தை வெளியே காட்டாமல் எண்களாகப் பார்க்கப் பழகிவிட்டார். நான் அந்த மூடியை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. பிறகு, "பின்னால அப்பிடிச் சாமான் கிடக்காமப் பார்த்துக்கொள்ளும்" என்றார்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஓட்டுவார், அவருக்குத் தொண்ணூற்று நாலு வரும். நான் பின்சீட்டில் இருந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, வாய் துடைத்து, கீழே விழுந்த பொம்மையை எடுத்து, அவர் திரும்பத் தேவையில்லாமல் பார்த்துக்கொள்வேன். அந்தத் தொண்ணூற்று நாலில் பாதி என்னுடையது. அதைக் கார் கணக்கில் எடுப்பதில்லை. காலி வீதி நெரிசலில் முன்னால் மட்டும் பார்த்து ஓட்டுகிறவரிடமிருந்து நான் என் பிள்ளையைத் தள்ளியே வைத்திருப்பேன். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சொன்ன பிறகு, கூடிப்போய்விட்டதோ என்று யோசித்தேன். இல்லை, கூடவில்லை.

இதற்கிடையில் மாமிக்கு வேறொரு கவலை. காருக்குப் புதிதாக இவ்வளவு வந்திருக்கிறதே, பூசை செய்யாமல் ஓடலாமா? வாங்கியபோது கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து ஏற்றி எடுத்தோம். அது அப்டேட்டுக்கு முந்திய காருக்காம். வெள்ளிக்கிழமை காலை மாமி தேசிக்காயும் சந்தனமும் குங்குமமும் கொண்டு தரிப்பிடத்துக்கு இறங்கினார். வாசல் காவலாளி தேசிக்காய் வைத்த சில்லுகளைக் குனிந்து பார்த்து, "அலுத் கார் எகக்த, நோனா?" என்று சிங்களத்தில் கேட்டார். புதுக் காரா என்று கேட்கிறார்.

"கார் எக பரணய். மொளய அலுத்" என்றார் மாமி. கார் பழசு, மூளை புதுசு. காவலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

மாமி ஸ்டியரிங்கில் பொட்டு வைத்தார். பிறகு என்னிடம், "பிள்ளையைப் பாக்கிற கண் எண்டியே, அது எது?" என்று கேட்டார். கண்ணாடிக்கு மேலே இருந்த புள்ளியைக் காட்டினேன். "பிள்ளையைக் காக்கிறதெண்டால் அதுக்குத்தானே முதல் வைச்சிருக்கவேணும்" என்று சொல்லி, நன்றாகக் குழைத்த சந்தனத்தை அதன்மேல் தடிப்பாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அன்று கார் என்னை ஒரு தடவையும் கண்டிக்கவில்லை. மகள் இரண்டு தரம் தானாகவே "ப்ளீஸ் பே அட்டென்ஷன்" சொல்லிப் பார்த்தாள். நான் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தேன். மத்தியானம் கணவரின் அழைப்பு வந்தது.

"கமரா மூடிக்கிடக்கு எண்டு வருது. என்ன செய்தனீர்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. மாமி பொட்டு வைச்சவ."

"எதில?"

"கமராவில."

பின்னேரம் வந்ததும் அவர் ஈரத் துணியை எடுத்தார். மாமி தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வெள்ளிக்கிழமை சாமியை நினைச்சு வைச்ச பொட்டு. அழிக்கிறவர் அழிக்கட்டும்" என்றார். துணி திரும்பக் குசினிக்குப் போனது. பொட்டு காய்ந்து உதிரத் தொடங்க அடுத்த வெள்ளியும் வந்துவிட்டது, மாமி புதிதாக வைத்தார்.

எனக்கு அது விடுமுறை விட்டதுபோல இருந்தது. கொட்டாஞ்சேனைக்குப் போகும்வரை.

அம்மாவின் வீட்டு ஒழுங்கைக்குள் கார் போகாது. அதனால் நான் ஒழுங்கை முனையில் நிறுத்துவேன், அம்மா அங்கே வந்து நிற்பார். அன்று மகள் பின்சீட்டில் நித்திரை. மாமி கொடுத்துவிட்ட சாப்பாட்டுப் பையை நீட்ட இறங்கி, இரண்டு எட்டு வைத்தேன். கார் தானாகப் பூட்டிக்கொண்டது. இப்போது கத்தும் என்று நினைத்தேன். கத்தவில்லை. கைத்தொலைபேசியும் பேசாமல் இருந்தது. பையை நீட்டியபடியே நின்றேன்.

"என்ன பிள்ளை, முகம் வெளிறிக்கிடக்கு?" என்றார் அம்மா.

நான் பிள்ளையை மறக்கவில்லை. கண்ணாடியூடாக அவள் தலை எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஆனால் கார் கத்தும் என்று நான் காத்திருந்தேன். இத்தனை நாட்களுக்குள் என் பயத்தை எடுத்துக் காரிடம் கொடுத்துவிட்டேன் என்று அந்த இடத்தில்தான் விளங்கியது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். திரையில், பிள்ளையின் படத்துக்குக் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. சந்தனம் என்னைப் பார்க்கும் கண்ணையும் மறைத்திருக்கிறது, அவளைப் பார்க்கும் கண்ணையும் மறைத்திருக்கிறது.

கார் கம்பனியின் விற்பனைக் காரியாலயத்துக்கு அழைத்தேன். பிள்ளைக்கான எச்சரிக்கையை வைத்துக்கொண்டு, புள்ளி போடுவதை மட்டும் நிறுத்தலாமா என்று கேட்டேன். மறுமுனைப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "ரெண்டும் ஒரே பக்கேஜ், மேடம். ஒண்டை ஓஃப் பண்ணினா மற்றதும் ஓஃப்." என் கைத்தொலைபேசிக்கே அந்தப் புள்ளியை அனுப்பலாமா என்றேன். உரிமையாளர் ஒருவர்தான் இருக்கலாமாம்.

கணவரிடம் சொன்னேன். அவரும் உண்மையாகவே தேடிப் பார்த்தார், முடியவில்லை. "பிள்ளைக்காகப் பொட்டைத் துடைப்பம். நான் ரிப்போர்ட்டைப் பாக்கமாட்டன்" என்றார்.

"உங்களால பாக்காம இருக்க ஏலுமே?"

அவர் நேர்மையான மனிதர். "ஏலாதுதான்" என்றார்.

"அப்ப ஒண்டு செய்யுங்கோ," என்றேன். "நான் இல்லாம, அவளைப் பின்னால இருத்தி, பள்ளிக்கூடம் விடுற நேரம் கொட்டாஞ்சேனைக்குப் போயிட்டு வாங்கோ. உங்களுக்கு எழுபது வந்தால் நானே துடைச்சுவிடுறன்."

"உதென்ன பெரிய விஷயம்" என்றார். மாமி உடனே, "போகேக்க சொல்லு தம்பி, ஒரு தேசிக்காய் தலையைச் சுத்திப் போடுறன்" என்றார். இதுவரை அவர் போகவில்லை. ஒருநாள் கூட்டம், ஒருநாள் மழை, ஒருநாள் தலையிடி.

பொட்டு இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளியும் புதுப்பிக்கப்படுகிறது. மாமிக்குக் கமராவின் சங்கதி முழுக்க விளங்கும் என்றுதான் நினைக்கிறேன். கேட்க விருப்பமில்லை. பிள்ளைக்காக நான் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். இந்தக் காரை ஓட்ட இடது கால் தேவையில்லை. புறப்படும்போது இடது செருப்பைக் கழற்றி மகளின் காலடியில் வைத்துவிடுகிறேன். இறங்கியதும் வெறுங்கால் கொழும்புத் தாரில் படும்போது பின்கதவைத் திறக்காமல் போக யாராலும் முடியாது. மகள் செருப்பை எடுத்து நீட்டி, "இந்தாங்கோ அம்மா" என்பாள். இந்த ஏற்பாட்டுக்கு யாரும் புள்ளி போடுவதில்லை.

ஆனாலும் என்னால் முழு நிம்மதியாக இருக்க முடியவில்லை. என்றாவது ஒருநாள் காருக்குள் இன்னொரு சோடிச் செருப்பு இருந்து, அதைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டால்? என் பிடிவாதத்துக்கு விலை கொடுப்பவள் அவளாக இருந்துவிட்டால்? இப்படி யோசித்துக்கொண்டு சில நாட்களில் சந்தனத்தின் முன்னால் துணியோடு உட்கார்ந்திருப்பேன். பிறகு அந்தப் பிளாஸ்டிக் மூடி நினைவுக்கு வரும். துணியை மடித்து வைத்துவிடுவேன்.

இந்த வாரம் திரையில் மறுபடியும் ஒரு அப்டேட் வந்து நிற்கிறது. என்ன புதிது என்று அது விளக்கமாகச் சொல்லவில்லை. கீழே 'சம்மதம்' இருக்கிறது. இந்த முறை பிள்ளையை மேலே விட்டுவிட்டு, தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக வாசித்து வருகிறேன். விளங்கும்வரை தொடமாட்டேன். யாரையும் தொடவிடவும் மாட்டேன்.

இதை வாசிக்கிறவர்களில் இப்படியான கார் வைத்திருப்பவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். பிள்ளையைப் பார்க்கும் கண்ணைத் திறந்து வைத்து, தாய்க்குப் புள்ளி போடும் கண்ணை மூட உங்களில் யாருக்காவது வழி கிடைத்ததா? அப்படி ஒரு வழியே இல்லையென்றால், என் இடத்தில் நீங்கள் துடைப்பீர்களா, விடுவீர்களா? கவனமாக ஓட்டுங்கள் என்ற அறிவுரையை மட்டும் தயவுசெய்து எழுதவேண்டாம். அதை என் மகளே காரின் குரலில் சொல்லுகிறாள்.