மணலில் இறங்கிய ஜீப்பு

என் சித்தப்பா கோட்டைச்சாமி இருபத்திரண்டு வருடமாகப் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஜீப்பில் ஏற்றிப் போகிறார். மலைப்பாதையில் அவர் பயந்து யாரும் பார்த்ததில்லை.

போன மே மாதம் கடலோரச் சாலையில் எங்களைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனார். திருச்செந்தூரிலும் மணப்பாட்டிலும் இறங்கிக் கடல் பார்த்தோம். உவரிக்குப் பக்கத்தில் ஜீப்பை அலைக்கு அருகிலேயே நிறுத்திவிட்டார். கிளம்பும்போது பின்சக்கரங்கள் மணலில் வெறுமனே சுழன்றன.

மலையில் சேறு வழுக்கினால் ஆட்களைப் பின்னால் ஏற்றிப் பாரம் கொடுப்பது அவர் வழக்கம்.

"எல்லாரும் பின்னாடி ஏறி நில்லுங்க, வெரசா."

ஏறினோம். ஜீப்பு அச்சுவரை புதைந்தது. ஓர் அலை முன்சக்கரத்தை நனைத்துவிட்டுப் போனது.

"ஏங்க, தண்ணி ஏறி வருதுங்க," என்றார் சித்தி.

சித்தப்பா ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி கடலையே பார்த்தார். அந்த ஜீப்பை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பில்லை.

பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவர் ஓடிவந்தார். "முதல்ல எல்லாரும் இறங்குங்க. டயர்ல பாதிக் காத்தைத் திறந்துவிடுங்க அண்ணாச்சி. டயர் பரந்தா மணல்ல புதையாது."

"காத்தில்லாம எப்படிண்ணே மேடு ஏறும்?"

"இங்க எங்கய்யா மேடு இருக்கு?"

சித்தப்பா இறங்கி, வண்டியைப் பிடித்தபடியே நின்றார். மீனவரே காற்றை இறக்கினார். அடுத்த அலை இருக்கைக்குக் கீழே புகுந்தபோது, எல்லோரும் தள்ள, ஜீப்பு பின்னால் நகர்ந்து சாலைக்கு வந்தது.

சித்தப்பா மீனவரிடம் மெதுவாகக் கேட்டார்: "கடல் கண்ணுல படாத ரோடு எதுண்ணே?"