சாதாளைத் தண்ணீர்

மீண்டும் மிளகாய் வைக்கும் ஆசையில் வாங்கிவந்த கடற்பாசிச் சாற்று உரப் போத்தலைத் திறந்ததும், எங்கள் பழைய மயிலிட்டித் தோட்டம் மணந்தது. கரையொதுங்கும் கடற்பாசியான சாதாளையை அள்ளிவந்து வேலியில் போட்டு, மழை உப்பைக் கழுவும்வரை விட்டு, பிறகு பீப்பாவில் வாரக்கணக்காய் ஊறவைத்து, அந்த நாறல் தண்ணீரை அம்மா வேப்பங்குழையால் தொட்டு மிளகாய்க் கன்றுகளுக்குத் தெளித்துக்கொண்டு போக, ஈக்கள் இரைந்தபடி பின்னால் வர, நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வரம்பில் ஓடுவோம். இலைகளோ கரும்பச்சையாய்த் தடித்து நிற்கும்.

போரில் இராணுவத்திடம் பறிபோன அந்தக் காணிக்குள் இன்றுதான் எங்களை விட்டார்கள். செம்பாட்டு மண்ணை யாரோ அடிவரை அள்ளிவிட்டார்கள், வெறும் சுண்ணாம்புக்கல். அதன்மேல் நின்று அம்மா போத்தலை மணந்து பார்த்தார்.

"ஓம், சாதாளைதான். மண்ணில்லாமல் உந்தத் தண்ணியை எங்கை தம்பி தெளிக்கிறது?" என்றவர், போத்தலை என்னிடம் நீட்டி, "மூடியை இறுக்கிப் பூட்டு. மணமெண்டாலும் கிடக்கட்டும்" என்றார்.