ஹெட்லி லம்பின் ஒற்றைக் குமிழ்

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில், வீடுவீடாகப் போய் கேஸ் மீட்டர்களில் பாதியை வாசித்தவர் ஹெட்லி லம்ப். அடுத்தவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் மண்டியிட்டு, டார்ச் அடித்து, பட்டாணி அளவு டயலைக்கூடத் தவறவிடாத கண் அவருடையது. அந்தக் கண்ணுக்கா இப்படி நேர்ந்தது என்ற திகைப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

ஞாயிறு மதியங்களில் அவர் எங்கள் தொழிலாளர் கிளப்பில் கிட்டார் வாசிப்பார். பின்னால் டிரம்ஸ் நான். அவருடைய ஆம்ப்ளிபயர், பழைய ரேடியோபோலக் கண்ணாடி வால்வுகள் வைத்து 1967இல் செய்த பெட்டி. சத்தத்துக்கு ஒரே குமிழ். அதை ஏழுக்கு மேல் திருகினால்தான் வால்வுகள் திணறி, உடம்பு சிலிர்க்கும் அந்த உறுமல் வரும். பிற்பாடு வந்த பெட்டிகளில் ‘மாஸ்டர் வால்யூம்’ என்று இரண்டாவது குமிழ் உண்டு. முதல் குமிழில் உறுமலை வரவழைத்து, இரண்டாவதில் சத்தத்தை மட்டும் அடக்கிக்கொள்ளலாம். ஹெட்லிக்கு அது ஒழுக்கக்கேடு. அப்படியொரு பெட்டியை வாங்கிய குற்றத்துக்காகத் தங்கை கணவரோடு ஒரு கிறிஸ்துமஸ் முழுக்கப் பேசவில்லை.

1979இல் கிளப் கமிட்டி, மண்டபச் சுவரில் சிவப்பு விளக்கு மாட்டியது. சத்தம் அளவு மீறினால் விளக்கு எரியும். ஐந்து விநாடி நீடித்தால் மேடைக்கு மின்சாரம் நின்றுவிடும். ஒயர் இழுப்பதில் கமிட்டி சிக்கனம் பார்த்திருந்ததால் பாரில் பியர் இறைக்கும் பம்ப்பும் கூடவே நிற்கும். முதல் ஞாயிறே ஹெட்லி எட்டில் வைத்தார். பியர் அரைக் கிளாஸில் நின்றது. மறு ஞாயிறும் நின்றது. மண்டபம் அவரைப் பார்த்த பார்வை, பிணத்தைக் கீழே போட்டவனைப் பார்க்கும் பார்வை.

செயலாளர் ஆர்மிட்டேஜ் மேடைக்கே வந்தார்.

“இன்னொரு தடவ பம்ப் நின்னுச்சுன்னா, ஹெட்லி, உன் இடத்துல அக்கார்டியன்காரன் உக்காருவான்.”

“நாலுல வெச்சு வாசிச்சா அது கிட்டார் இல்லய்யா, தையல் மிஷின்.”

அந்த வாரம் அவர் மனைவி மேவிஸ், வால்வு மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பெட்டியை மெக்கானிக் சீரிலிடம் கொண்டுபோனார். ஞாயிறு வந்தது. ஹெட்லி பிடிவாதமாக எட்டுக்குத் திருகினார். எல்லோரும் கிளாஸைக் கையால் மூடிக்கொண்டார்கள். அதே உறுமல். விளக்கு எரியவே இல்லை.

நல்ல வால்வுக்குச் சத்தம் தேவையில்லை, மரியாதைதான் தேவை என்று அன்று விளக்கம் தந்தார். பதினொரு வருடம் தந்தார். ஷெஃபீல்டிலிருந்தெல்லாம் கிட்டார்காரர்கள் வந்து கேட்டுப் போனார்கள். “பாத்துக்கப்பா, ஒரே குமிழ். இதுல ஒளிச்சு வைக்க ஒண்ணுமே இல்ல” என்பார்.

பன்னிரண்டாம் வருடம் ஒரு ஞாயிறு, எண் கூப்பிட்டு ஆடும் பிங்கோ இடைவேளையில், கீழே விழுந்த கிட்டார் மீட்டும் வில்லையை எடுக்கப் பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். வால்வுச் சூட்டில் காய்ந்த கறுப்பு டேப் ஒன்று சருகுபோல் சுருண்டிருந்தது. அது மூடியிருந்த இடத்தில், உபரி ஸ்பீக்கர் சொருகும் துளை இருக்கவேண்டிய இடத்தில், பட்டாணி அளவு குமிழ். முள் மூன்றில். ஹெட்லி மண்டியிட்டு மீட்டர் டார்ச்சை அடித்தார். ஒரு முழு பிங்கோ ஆட்டம் முடியும்வரை எழவில்லை. பிறகு முன் மேசையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

“மேவிஸ், இது என்ன?”

“மாஸ்டர் வால்யூம். சீரில் போட்டது.”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“உனக்கு மட்டுந்தான் தெரியாது.”

ஆர்மிட்டேஜ் பழைய தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். கழிப்பறை ஓட்டைக்கும் பன்றிக்கறி ஆர்டருக்கும் நடுவே, நான்காவது தீர்மானம்: ‘திரு. லம்பின் பெட்டிக்கு, அவர் அறியாமல், இரண்டாவது குமிழ். ஒருமனதாக நிறைவேறியது.’ கை தூக்கியவர்களில் நானும் உண்டு. அவர் என்னைப் பார்த்தபோது நான் குச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டுதான் இருந்தன.

ஹெட்லி எழுந்தார். பின் குமிழைப் பத்துக்குத் திருகி, கிட்டாரை மாட்டிக்கொண்டார். பார்காரர் இரண்டு கையாலும் அவசர அவசரமாகக் கிளாஸ்களை நிரப்பினார்.

ஒரே அடி. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. உள்ளங்கையால் தந்திகளை அமுக்கினார். பியர் நிற்கவில்லை.

நெடுநேரம் காதைத் தேய்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தபோது இருந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி.

“இவ்ளோ சத்தமாவா இருந்துச்சு?”

அவர் குனிந்து, குமிழை மறுபடி மூன்றுக்குக் கொண்டுவந்தார்.

“மேவிஸ், டேப் இருக்கா?”

கைப்பையிலேயே இருந்தது.