அம்மாவின் படிவத்தில் நாற்பத்தொரு உறவினர்கள்

எங்கள் வீட்டில் தபாலைத் திறப்பது அம்மா. திறந்த தபாலுக்குப் பயப்படுவது அப்பாவும் நானும். சிட்னிக்கு வந்த நாளிலிருந்து இந்த வேலைப் பங்கீட்டில் ஒரு குறையும் வந்ததில்லை. அம்மா குசினிக் கத்தியால் உறையைக் கிழித்து, நின்றபடியே வாசித்து, "ஒண்டுமில்லை" என்று மேசையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த ஒன்றுமில்லாததை அப்பா எடுத்து மூன்று தரம் வாசிப்பார். நான் அப்பாவின் முகத்தை வாசிப்பேன்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை, அப்படி வந்த உறைக்குள் இரண்டு சங்கதிகள் இருந்தன. ஒன்று கடிதம். நூலக நிர்வாகக் குழுவின் உறுப்பினர்கள் எல்லோரும் வருகிற சனிக்கிழமை ஒரு நாள் பயிற்சிக்கு வரவேண்டும் என்றது. மற்றது, நிரப்பிக் கொண்டுவரவேண்டிய படிவம்.

அம்மா நூலகக் குழுவுக்குள் எப்படிப் போனார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அப்போது சிட்னியின் மேற்குப் பக்கத்தில், கிரவீனில் வாடகைக்கு இருந்தோம். அம்மாவுக்கு முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. அங்கே இயந்திரம் சுற்றும் நேரமெல்லாம் புத்தகம் வாசிப்பார். கிழமைக்கு ஆறு புத்தகம் எடுத்து ஆறையும் திருப்பிக் கொடுக்கும் ஆளைக் கண்டு நூலகத்தின் பொறுப்பாளருக்கு ஒரு மரியாதை. குழுவில் பொதுமக்கள் சார்பில் ஓர் இடம் காலி, வருகிறீர்களா என்று கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. அவருக்குத் தெரிந்த குழு கோயில் குழுதான். அங்கே குழு என்றால் வெங்காயம் உரிப்பது. ஆகவே முதல் கூட்டத்துக்கு அறுபது மரக்கறி ரோல்ஸோடு போனார். அவர்கள் சாப்பிட்டுவிட்டு, வரவு செலவு பற்றி அவருடைய கருத்தைக் கேட்டபோதுதான் இது வேறு மாதிரியான குழு என்று விளங்கியதாம்.

கடிதத்தை மூன்றாம் தரம் வாசித்து முடித்த அப்பா கதிரையில் இருந்தார்.

"பாத்தீரே? நீர் அங்க போய் மூண்டு மாசம் ஆகேல்ல. உமக்கு ஒண்டும் தெரியாதெண்டு கண்டுபிடிச்சிட்டினம்."

"எல்லாருக்கும்தானப்பா போட்டிருக்கினம். தலைவரும் வாறார்."

"அந்தாள் பாஸ் பண்ணிப்போடும்."

"இது சோதனை இல்லை."

"சோதனை வைக்காமல் ஆராவது ஒரு நாள் முழுக்கப் படிப்பிப்பாங்களே?"

எங்கள் ஆட்களுக்குப் படிப்பு என்றால் அதன் முடிவில் ஒரு சோதனையும், சோதனைக்கு முன்னால் ஒரு டியூஷனும் இருந்தே ஆகவேண்டும். அன்றைக்கே டியூஷன் தொடங்கிவிட்டது. பாடத்திட்டம் என்ன என்று யாருக்கும் தெரியாததால், நூலகத்தில் இலவசமாகக் கிடந்த துண்டுப் பிரசுரங்கள் எல்லாவற்றையும் அப்பா அள்ளிக்கொண்டு வந்தார். எந்தக் கிளை எத்தனை மணிக்குத் திறக்கும், ஒருவர் எத்தனை புத்தகம் எடுக்கலாம், எந்தப் புத்தகத்துக்கு எந்த இலக்கம் என்று அம்மா பயித்தங்காய் முறித்தபடியே மனப்பாடம் செய்தார். கேள்வி கேட்பது என் பொறுப்பு.

"சமையல் புத்தகம்?"

"அறுநூற்று நாப்பத்தொண்டு."

"சனிக்கிழமை பூட்டுறது?"

"நாலு மணி. உனக்கு வேற வேலை இல்லையே பிள்ளை?"

எனக்கு வேறு வேலை இல்லை. நான் பிற்பாடு பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். என் வாழ்க்கையில் நான் கண்ட ஒழுங்கான வகுப்பு அந்தக் கிழமை எங்கள் குசினியில் நடந்ததுதான்.

படிவத்தை நிரப்புவது அப்பாவின் இலாகா. அது ஆங்கிலத்தில் இப்படிக் கேட்டிருந்தது: நூலகம் எடுக்கும் முடிவுகளால் நன்மை பெறக்கூடிய உறவினரோ நெருங்கியவரோ உங்களுக்கு உண்டா? இருந்தால் பெயரையும் உறவையும் எழுதவும். கீழே மூன்று கோடுகள். அதற்கும் கீழே, பொய்யான தகவல் தருவது குற்றம் என்று சிறிய எழுத்தில் ஒரு வரி.

அந்தக் கேள்வியில் அப்பாவின் கண்ணுக்குப் பட்டது 'உறவினர்' என்ற ஒரு சொல்தான்.

இதற்குக் காரணம் இருந்தது. இந்த நாட்டுக்கு விண்ணப்பித்தபோது, ஆட்களைக் குறைத்து எழுதினால் அலுவல் சுருக்காக முடியும் என்று விஷயம் தெரிந்த ஒருவர் அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார். அப்பா தன் தம்பியை எழுதவில்லை. பிறகு அந்தத் தம்பியை இங்கே எடுப்பிக்க விண்ணப்பித்தபோது, உங்களுக்குத் தம்பி இருப்பதாக எங்களிடம் பதிவு இல்லையே என்று பதில் வந்தது. சித்தப்பா கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார். இதெல்லாம் எனக்கும் தெரியும். எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை.

அதற்குப் பிறகு அப்பா எந்தப் படிவத்திலும் ஒருவரையும் விட்டதில்லை. என் பல் வைத்தியருக்கே சித்தப்பாவின் பிறந்த திகதி தெரியும்.

இப்போது மூன்று கோடுகள் போதாமல் நாலு தாள்கள் இணைக்கப்பட்டன. முதல் பெயர் சித்தப்பா, முழுப் பெயர், தகப்பன் பெயரோடு.

"என்னப்பா, இவருக்கும் லைப்ரரிக்கும் என்ன?" என்றார் அம்மா.

"லைப்ரரி கவுன்சிலின்ர. கவுன்சிலும் கவர்ன்மென்ற்தானே. ஒரு இடத்தில கிடந்தால், மற்ற இடத்தில தேடேக்க அம்பிடும்."

அம்மா பேனையை எடுத்து ஐந்து தாள்களிலும் கையெழுத்து வைத்தார். கனடாவில் இருந்தவர்கள், ஜெர்மனியில் இருந்தவர்கள், ஊரை விட்டு அசையாதவர்கள் என்று நாற்பத்தொரு பேர். நான் நாலாவது. நாற்பத்தோராவது கடை மாமா. உறவு: அங்கிள்.

அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. கடை மாமா எங்களுக்கு ஒரு விதத்திலும் சொந்தமில்லை. பக்கத்துப் பெண்டில் ஹில்லில் மளிகைக் கடை வைத்திருப்பவர், அவ்வளவுதான். அதற்கு முந்தைய மாதம் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்தபோது நான் பதினாறு அங்கிள்மாரைத் தொங்கவிட, அம்மாவின் சகோதரமோ அப்பாவின் சகோதரமோ இல்லாதவர் அங்கிள் ஆக முடியாது என்று ரீச்சர் பன்னிரண்டு பேரை வெட்டியிருந்தார். ஆகவே இது பொய்யான தகவல். குற்றம். ஒரு பெயர் பொய் என்று பிடிபட்டால் மற்ற நாற்பதும் பொய் என்றுதானே நினைப்பார்கள்? அம்மாவைக் குழுவிலிருந்து துரத்துவார்கள். சித்தப்பாவை இரண்டாம் தரமும் இல்லை என்று சொல்வார்கள்.

"அப்பா, கடை மாமா எங்கட சொந்தம் இல்லைத்தானே?"

"நாங்கள் வந்திறங்கேக்க எயார்போட்டுக்கு ஆர் வந்தது?"

"கடை மாமா."

"அப்ப?"

வழக்கு முடிந்தது. நான் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை அப்பாவுக்கு வேலை. எங்களை நூலக வாசலில் இறக்கிவிட்டு, "முதல்ல சுகமான கேள்வியளைச் செய்யும்" என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டுப் போனார். பயிற்சி பின்பக்கத்துக் கூட்ட அறையில். என்னைச் சிறுவர் பகுதியில் இருக்கச் சொன்னார்கள். வெக்கைக்கு அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் குழந்தைகளின் குட்டிக் கதிரை ஒன்றைக் கதவுக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

படிப்பிக்க வந்தவர் நீளமான காதணி போட்ட ஒரு பெண்மணி. எதிரே ஏழு பேர். தலைவர் ஓய்வுபெற்ற பெரியவர். சாப்பாட்டுப் பொதியை மடியில் வைத்து, எப்போது மதியச் சாப்பாடு என்ற முகத்தோடு இருந்தார். ஒரு நூலகம் எதற்காக இருக்கிறது என்று பெண்மணி முதல் கேள்வி கேட்டார். அம்மா எழுந்து நின்று, திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்பதரைக்குத் திறந்து எட்டுக்குப் பூட்டும், சனி நாலு மணி, ஞாயிறு விடுமுறை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெண்மணி பலகையில் 'மக்களின் பார்வை' என்று தலைப்புப் போட்டு அதை எழுதிக்கொண்டார்.

பிறகு அவர் சொன்னதில் எங்கள் டியூஷன் மண்ணாய்ப் போனது. இலக்கங்களும் நேரங்களும் ஊழியர்களின் வேலை. குழுவின் வேலை நூலகத்தை நடத்துவதல்ல, அது நேர்மையாக நடக்கிறதா என்று பார்ப்பது. அதற்காகத்தான் ஒவ்வொருவரும் தம் தொடர்புகளை அறிவிக்க வேண்டும். ஒருவர் அறிவித்ததை நீக்க அவரால் மட்டுமே முடியும். வேறெவருக்கும், தலைவருக்கும்கூட, அந்த உரிமை இல்லை. அறிவித்தவை பதிவுக் கோவையில் இருக்கும். யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். அம்மா எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார்.

பிறகு படிவங்களைச் சேர்த்தார்கள். மற்றவர்களுடையது ஒற்றைத் தாள், 'இல்லை' என்ற ஒரு சொல். தலைவருடைய மருமகன் தரைவிரிப்புக் கடை வைத்திருந்ததால் அவருக்கு ஒரு வரி. அம்மாவுடையது பின் அடித்த ஐந்து தாள். பெண்மணி முதல் தாளைப் புரட்டினார். இரண்டாவதைப் புரட்டினார். ஐந்தாவதற்கு விரல் போனபோது என் கால்கள் தாமாகவே உள்ளே போய்விட்டன.

"மிஸ், கடைசியில இருக்கிறவர் எங்கட அங்கிள் இல்லை. மற்ற நாப்பது பேரும் உண்மை. முதலாவது ஆள் கட்டாயம் உண்மை. அவரை வெட்டிப்போடாதேங்கோ." இதை ஆங்கிலத்தில் சொன்னேன், அழுகை கலந்திருந்ததால் இலக்கணம் எப்படியிருந்தது என்று தெரியாது.

"இந்தப் பிள்ளை யார்?" என்றார் பெண்மணி.

தலைவர் தாளை எட்டிப் பார்த்தார். "நாலாம் இலக்கம்."

அம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "வீட்டுக்கு வாரும், கதைக்கிறன்" என்று பல்லுக்குள்ளால் சொன்னார். எனக்கு 'வாரும்' என்று மரியாதை வந்தால் அடி வரும் என்று அர்த்தம்.

அந்தக் கடைசி ஆள் யார் என்று பெண்மணி கேட்டார். கடைக்காரர் என்றார் அம்மா. என்ன விற்கிறார்?

"அரிசி, மிளகாய்த்தூள், அப்பளம், படக் கசெற். பின்பக்கத்தில தமிழ்ப் புத்தகம்."

"நூலகத்துக்கு விற்றிருக்கிறாரா?"

"இன்னும் இல்லை. போன மாசம் லைப்ரரியில இருந்து விலை கேட்டு எழுதினவைதானே. அந்தக் கடிதத்தை நான்தான் கொண்டுபோய்க் குடுத்தன்."

பெண்மணி பேனையை வைத்துவிட்டார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். காலையிலிருந்து 'ஒரு உறுப்பினரின் நண்பர் அலுமாரி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம்' என்று கற்பனை செய்துகொண்டிருந்தவருக்கு, உயிரோடு ஓர் உதாரணம் கிடைத்துவிட்டது. நாற்பத்தொரு பேரில் அந்தப் படிவத்தில் இருக்கவேண்டிய ஒரேயொரு ஆள் கடை மாமாதான் என்றார். சொந்தமோ இல்லையோ, நெருங்கியவர் போதும். அடுத்த முக்கால் மணி நேரம் பாடம் முழுக்க அவரைப் பற்றித்தான். பலகையில் வட்டம் போட்டு, அதற்குள் கடை மாமாவைப் போட்டு, அம்மாவிலிருந்து ஒரு அம்புக்குறி போட்டார். தமிழ்ப் புத்தகம் பற்றிப் பேசும் நேரத்தில் அம்மா எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று முடிவானது.

"அப்படியானால் மிச்சப் பேரில் யாருக்குத் தமிழ் தெரியும்?" என்று தலைவர் கேட்டார். எல்லோரும் குனிந்து தங்கள் தாள்களைப் பார்த்தார்கள்.

பிறகு பெண்மணி மிகவும் அன்பாக அம்மாவிடம் புதிய படிவம் ஒன்றை நீட்டினார். கடை மாமாவின் பெயரை மட்டும் எழுதினால் போதும், இதெல்லாம் தேவையில்லை என்றபடி, பின்னைக் கழற்றி, பழைய தாள்களைக் குப்பைக் கூடைப் பக்கம் கொண்டுபோனார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. பொய் போகிறது; குற்றமும் போகிறது. சித்தப்பாவும் அதே கையில்தான் போகிறார் என்பது என் மண்டையில் ஏறுவதற்குள் அம்மா எழுந்துவிட்டார்.

"நீங்கள் காலமை சொன்னீங்கள், அறிவிச்ச ஆள்தான் எடுக்கலாமெண்டு." கொப்பியைத் திறந்து காட்டினார். "நான் எடுக்கேல்ல."

"ஆனால் இவர்களுக்கும் இந்த நூலகத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"இஞ்ச வந்தால் புத்தகம் எடுப்பினம்."

பெண்மணி தலைவரைப் பார்த்தார். தலைவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நீங்கள் சொன்ன விதியைத்தானே இவர் கேட்கிறார், கோவையில் போடுங்கள், சாப்பிடுவோம் என்றார்.

பின்னேரம் அப்பா வந்தார். காரின் கண்ணாடியை இறக்க முன்பே, "பாசோ?" என்றார். அம்மா பயிற்சிச் சான்றிதழைக் காட்டினார். வழியெல்லாம் நடந்ததைச் சொன்னார். கடை மாமாவைக் காட்டிக்கொடுத்ததற்கு எனக்கு விழும் என்று பின்கதிரையில் ஒடுங்கிப்போய் இருந்தேன். அப்பா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"தம்பியின்ர பேர் முழுசா இருக்கோ?"

"இருக்கு."

"ஆரும் எடுக்கேலாதோ?"

"நான் எடுத்தால்தான்."

சிவப்பு விளக்கு பச்சையாகி, பின்னால் இருந்தவன் கோர்ன் அடிக்கும்வரை அப்பா காரை எடுக்கவில்லை.

அதுவரை அப்பா நூலகத்துக்குள் வந்ததேயில்லை. எங்களை விட்டுவிட்டு வெளியே காரில் இருப்பார். அடுத்த சனிக்கிழமை உள்ளே வந்தார். வேலைச் சப்பாத்தை மிதியடியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேசைக்கு முன்னால் நின்று அந்தப் பதிவுக் கோவையை, நீல நிறத்தது, கேட்டு வாங்கினார். ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து ஒரு தாளைத் திறந்தார். இரண்டு நிமிடம் இருக்கும். மூடி, நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கடுத்த சனியும் வந்தார். மாதக்கணக்காக வந்தார்.

நான் அப்பாவுக்குத் தெரியாமல் இன்னும் யாரையாவது வெட்டுவித்துவிட்டேனா என்று பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் தாங்கமுடியாமல் போய் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அப்பா, நான் ஒருத்தரையும் வெட்டேல்ல."

"தெரியும் குஞ்சு" என்றார். நானும் பார்க்கட்டும் என்று கோவையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார்.

முதல் வரியில், சித்தப்பாவின் பெயரில், அவர் விரல் இருந்தது. அவருடைய சொந்தக் கையெழுத்துத்தான். தானே எழுதிய ஒரு பெயரைத் தானே வாசிக்க ஒரு பெரிய மனுசன் ஏன் கிழமைக்குக் கிழமை வரவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. எழுத்துப் பிழை ஏதும் இருக்குமோ என்று நானும் ஒரு தரம் எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்தேன்.